எலும்புக்குச் சேதி கொண்டுபோன ஊசி

இப்போது அந்த ஊசி ஒன்று போட்டால் போதுமாம். கீமோ மருந்து ஏற்றிய மறுநாள் வயிற்றுத் தோலில் ஒரே குத்து, அதோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். எங்கள் வார்டில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார்கள். எல்லாரும் ஓ லெவல் பரீட்சை பாஸ் பண்ணின பிள்ளைகள். "உங்க காலத்துல தினமும் ஊசியாமே அக்கா, ஏழு நாள் எட்டு நாள் ஆள உள்ளுக்கு வச்சுக் காத்தீங்களாமே, அது எப்படி?" என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்லி முடித்ததும், "இத எழுதிக் குடுங்க அக்கா, புதுசா வாறவங்களுக்கு வாசிச்சுக் காட்டுறோம்" என்றார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இலக்கம் வாசிக்கிறதில் மட்டும் எனக்கு யாரும் பக்கத்தில் நிற்க முடியாது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பேரை எழுதவில்லை, ஊவா மாகாணத்தில் இருக்கிற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பேரையும் மாற்றியிருக்கிறேன். என் பேரை மாற்றவில்லை. பாக்கியலெட்சுமி.

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் கூடை போட்டு, பன்னிரண்டு வருஷம் கொழுந்து எடுத்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்க ஆள் எடுத்தார்கள், போனேன். பிரசவ வார்ட், எலும்பு முறிவு வார்ட், தீக்காய வார்ட் எல்லாம் சுற்றி, கடைசிப் பதினொரு வருஷம் புற்றுநோய் வார்டில் இருந்தேன். நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வேலை அந்தப் பதினொரு வருஷத்து வேலைதான்.

அந்த வார்டுக்குப் பொறுப்பு குசும் சிஸ்டர். சிங்களப் பெண். தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நூலில் கோர்க்கிற மாதிரி நிதானமாகப் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கையில் இருக்கிற துணியை நாலாக மடிப்பார், பிறகு எட்டாக மடிப்பார். எட்டுக்குப் போய்விட்டால் நாங்கள் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவோம். சாதாரண நாளில் நான் பாக்கியம். முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ பிழை என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு பழக்கம். முக்கியமான கேள்வி என்றால் மூன்று தரம் கேட்பார். முதல் தரம் சும்மா கேட்பார். இரண்டாம் தரம் நம் முகத்தைப் பார்த்துக் கேட்பார். மூன்றாம் தரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். மூன்று தரமும் ஒரே பதில் வந்தால்தான் எழுதுவார். "பாக்கியம், நீங்க சொல்றது காத்துல போகும். நான் எழுதுறது ஒரு மனுசன்ட உடம்புக்குள்ள போகும்" என்று ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு நான் எதையும் உத்தேசமாகச் சொன்னதில்லை.

அந்த ஊசி மருந்தை மருந்தறையிலிருந்து கொண்டுவருவது என் வேலை. சின்னக் கண்ணாடிக் குப்பி, சுண்டுவிரல் பருமன். குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் செத்த மருந்து. அதனால் ஐஸ் பெட்டியில் அடியில் ஐஸ் கட்டி, அதற்கு மேல் மடித்த துவாய்த் துணி, துவாய்க்கு மேல் குப்பி. ஐஸ் குப்பியைத் தொடக் கூடாது. குலுக்கவும் கூடாது. நான் அந்தப் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பேன். "பாக்கியம் அக்கா புள்ளத்தாச்சி மாதிரி நடந்து வருது" என்று கீழே இருக்கிற காவல்காரர் தினமும் நக்கல் அடிப்பார். "ஆமா, உனக்குத்தான் தொட்டில் கட்ட வேணும்" என்பேன். வார்டுக்கு வந்ததும் பிரிஜ்ஜில் நடுத் தட்டு. போடுகிறதற்கு அரை மணிக்கு முன்னால் வெளியே எடுத்து வைக்க வேணும், சில்லென்று போட்டால் நோயாளிக்கு எரியும்.

இத்தனை சீராட்டுகிற மருந்து என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பெரிய டொக்டர் நல்ல மனிதர். அவரும் சிங்களவர்தான், நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டே எங்கள் தமிழைப் பழகினவர். ஒரு நாள் வார்டு பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"இரத்தத்துல வெள்ளை அணு இருக்கு, பாக்கியம். கிருமி வந்தா அதுதான் சண்டை போடும். அது எங்க பிறக்குது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எலும்புக்குள்ள. பிறக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி. யார் என்ன வேலைக்குப் போகணும், எத்தனை பேர் வேணும் என்று உடம்பு சேதி அனுப்பும். சேதி என்றால் பேச்சு இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். இரத்தத்துல மிதந்து வந்து அணுவை வெளியில இருந்து தொடும். தொட்டால் அதுக்கு விளங்கும், வளரும்."

"சேதி வராட்டி?"

"வராட்டி செத்துப் போகும்."

"யாரு கொல்றதுங்க?"

"யாரும் கொல்றது இல்ல. தானாவே. படுக்கையைச் சுருட்டி வச்சிட்டுப் போற மாதிரி, சத்தம் இல்லாம. கீமோ மருந்து கொடுத்தா நல்ல அணுவும் குறையுது இல்லையா? அப்போ உடம்பு அனுப்புற சேதி போதாது. நாங்க அதே சேதியை ஊசியில அனுப்புறோம். பிற, வளர், கொஞ்சம் கூட நேரம் உயிரோட இரு என்று."

எனக்குத் தோட்டம் ஞாபகம் வந்தது. "பெரட்டு மாதிரிங்களா? விடியக் காலையில எங்க தோட்டத்துல எல்லாரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிடுவாங்க. வந்து நிக்கிற ஆளப் பாத்து, நீ கொழுந்துக்குப் போ, நீ புல்லு வெட்டப் போ, நீ தேயில ஸ்டோருக்குப் போன்னு பிரிப்பாங்க. பேர் போடாத ஆளு திரும்பிப் போயிரும்."

அவர் கை கழுவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அதுதான் பாக்கியம். அதேதான். ஆனா திரும்பிப் போறது வீட்டுக்கு இல்ல."

இன்னொன்றும் சொன்னார். கழுத்திலும் அக்குளிலும் கட்டி வருகிற ஒரு வகைப் புற்றுநோய்க்குக் கீமோவோடு ஐந்து நாள் மாத்திரை கொடுப்போம். அதுவும் ஒரு சேதிதானாம். அது கெட்டுப்போன வெள்ளை அணுவிடம் போய், நீ செத்துப் போ என்று சொல்லுமாம். ஒரே உடம்புக்குள் ஒரு பக்கம் சாவுச் சேதி, ஒரு பக்கம் பிறப்புச் சேதி. தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டின அறைகள், ஒரு காம்பராவில் ஒப்பாரியும் அடுத்த காம்பராவில் தாலாட்டும் கேட்கிறதில்லையா, அப்படித்தான் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன்.

யோகேஸ்வரி அந்தக் கட்டி நோயோடுதான் வந்தாள். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டம். நாற்பது வயது இருக்கும், கொழுந்து எடுக்கிற பெண். ஐந்து நாள் மாத்திரையும் கீமோவும் முடிந்தது. ஊசியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வழியில்லை. லயத்தில் பிரிஜ் இல்லை, பக்கத்துக் கடைக்காரர் பிரிஜ்ஜில் வைத்தால் ஐஸ்கிறீமோடு சேர்த்து உறைய வைத்துவிடுவார். அதனால் கோடியில் இருந்த தனி அறையில் வைத்துத் தினமும் ஊசி போடச் சொன்னார் பெரிய டொக்டர். வெள்ளை அணு குறைகிற நாளில் ஒரு சின்னக் கிருமி போதும், ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் அந்த அறைக்குள் பூ போகாது, பச்சைப் பழம் போகாது, தெருச் செருப்பு போகாது. கதவுக்குக் காவல் நான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய புருஷன் முத்தையா பஸ் மாறி வந்தார். கையில் மாரியம்மன் கோயில் விபூதிப் பொட்டலம்.

"அக்கா, கொஞ்சம் நெத்தியில மட்டும் வச்சிட்டு வந்துர்றேன்."

"முடியாது தம்பி."

"நம்ம ஆளு நீங்களே இப்படிச் சொன்னா எப்படிக்கா?"

"நம்ம ஆளுங்கிறதாலதான் சொல்றேன். வேற யாராச்சும்னா சிங்களத்துல சொல்லி விரட்டியிருப்பேன்."

அவர் முகம் வாடிப்போனது. எனக்கும் மனசு கேட்கவில்லை. அந்த அறைக் கதவில் ஒரு கண்ணாடி உண்டு. யோகேஸ்வரியை எழுந்து வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். இந்தப் பக்கம் அவள் நெற்றி தெரிகிற இடத்தில் முத்தையா மூன்று விரலால் விபூதிக் கோடு இழுத்தார். உள்ளே அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த நேரம் பார்த்து குசும் சிஸ்டர் வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளிப் பக்கம்தானே?" என்றார். "வெளிப் பக்கம்தாங்க." "பின்னேரம் துடைச்சிருங்க" என்று போய்விட்டார். நான் மறுநாள் காலையில்தான் துடைத்தேன்.

ஊசி தொடங்கின இரண்டாம் நாள் இரத்தம் எடுத்த குழாயை நான் லெப்புக்குக் கொண்டுபோய், முடிவு எழுதின துண்டை வாங்கி வந்தேன். வெள்ளை அணு இருக்கிற வரி எது என்று எனக்குத் தெரியும். முந்தின நாளை விட நன்றாக ஏறியிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை, யோகேஸ்வரியிடம் சொல்லிவிட்டேன். அவள் புருஷனுக்குப் போன் போட்டு, சேலை கொண்டுவாங்க, வீட்டுக்கு வாறேன் என்று சொல்லிவிட்டாள்.

பெரிய டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது ஏற்றம் இல்ல. ஏற்கெனவே வளர்ந்து வாசல்ல நின்ற ஆட்கள் ஊசிச் சேதியைக் கேட்டதும் வெளிய ஓடி வந்திருக்கிறாங்க. புதுசா பிறக்கிறவங்க வர நாள் ஆகும். நாளைக்கு, நாளன்றைக்கு இறங்கும். பயப்பட வேண்டாம். ஆனா அந்த நாள்தான் கவனம்." சொன்ன மாதிரியே இறங்கியது. அடுத்தடுத்த துண்டில் அந்த வரியில் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அதோடு யோகேஸ்வரிக்கு வலி தொடங்கியது. இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் அடி, நெஞ்செலும்பு. எலும்புக்குள் வேலை மும்முரமாக நடக்கும்போது அந்த வலி வரும், கெட்ட வலி இல்லை என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஒரு கட்டளையும் போட்டிருந்தார். வலி என்று சொன்னால் முதலில் காய்ச்சல் பார்க்க வேணும். காய்ச்சல் இல்லை என்றால்தான் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடுகிற பெனடோல் மாத்திரை. அந்த ஒழுங்கு மாறக் கூடாது. எனக்கும் காதில் விழுந்தது. அது நர்ஸ்மாருக்குச் சொன்னது, எனக்கில்லை என்று இருந்துவிட்டேன்.

யோகேஸ்வரி நர்ஸிடம் வாய் திறக்கவில்லை. வலி என்று சொன்னால் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்து வார்டில் யாரோ பயங்காட்டியிருக்கிறார்கள். கொழும்பு என்றால் முத்தையா வர முடியாது, பாஷை தெரியாது. தோட்டத்தில் இருந்து வருகிற பெண் அப்படித்தான். மலையில் நிற்கும்போது வயிறு வலித்தாலும் இடுப்பு வலித்தாலும் சொல்ல மாட்டோம், சொன்னால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை. முந்தானை முடிச்சில் பெனடோல் இருக்கும், ரெண்டைப் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்குவோம். கொழுந்து எடுக்கிறதை விட்டு எத்தனை வருஷம் ஆன பிறகும் என் முந்தானையில் அந்த முடிச்சு இருந்தது.

"அக்கா, இடுப்பு முறியிற மாதிரி இருக்கு. யாருக்கும் சொல்லாதீங்க."

"இது எலும்பு வேல செய்யிற வலி புள்ள. நல்ல வலிதான். இந்தா."

முடிச்சை அவிழ்த்து ரெண்டு கொடுத்தேன். அது முதல் நாள் காலை பத்து மணிக்கு. பிறகு நான் வேலை முடிந்து போகிற நேரத்தில் ரெண்டு. அடுத்த நாளும் காலையில் ரெண்டு, போகும்போது நாலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். காய்ச்சல் பார்க்கிற நர்ஸ் வருகிற நேரமெல்லாம் தேர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டியது. நோயாளியின் டிக்கட் தாளில் சரியாகத்தான் எழுதினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் படுக்கை மாற்றப் போனேன். தலையணையைத் தூக்கினால் மேல் பக்கம் காய்ந்திருக்கிறது, அடிப் பக்கம் சொதசொத என்று நனைந்திருக்கிறது.

"என்ன புள்ள, தலகாணி நனைஞ்சிருக்கு?"

"தண்ணி குடிக்கையில ஊத்திக்கிட்டேன்க்கா."

"அடியிலயா ஊத்துன?"

விரிப்பைத் தொட்டேன், முதுகு படுகிற இடம் ஈரம். மாத்திரை காய்ச்சலை இழுத்து இறக்கும்போது வருகிற வேர்வை எனக்குத் தெரியாததா? லயத்தில் எத்தனை பிள்ளைக்கு அந்த வேர்வையைத் துடைத்திருப்பேன்.

"ராவைக்குக் குளிர் நடுக்கம் வந்துச்சா?"

"லேசா. நீங்க குடுத்த மாத்திரையப் போட்டேன், நின்டுருச்சு."

"எத்தன நாளா?"

"நேத்தும் வந்துச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிறாதீங்கக்கா. என்னயக் கொழும்புக்கு அனுப்பிருவாங்க. நீங்களும் மாட்டிக்குவீங்க."

என்னுடைய மாத்திரைதான் காய்ச்சலை மறைத்திருக்கிறது. வெள்ளை அணு இல்லாத உடம்பு. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் அவள் போவாள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு யோசித்தேன். அந்த அறைத் தரையை முழுதாக ஒரு தரம் துடைத்து முடிக்கிற நேரம் யோசித்தேன். ஒரு வாளித் தண்ணி நேரம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு குசும் சிஸ்டரின் மேசைக்குப் போனேன்.

"சிஸ்டர், கோடி அறைப் பொம்பளைக்குக் காய்ச்சல் அடிக்குது. நான் பெனடோல் குடுத்து மறைச்சிட்டேன்."

"என்ன கொடுத்தீங்க?"

சொன்னேன்.

"பாக்கியலெட்சுமி, எத்தனை, எத்தனை மணிக்கு?" என் முகத்தைப் பார்த்தார்.

சொன்னேன்.

பேனாவைத் திறந்தார். "எத்தனை? எத்தனை மணிக்கு?"

மூன்றாம் தரமும் சொன்னேன். எழுதினார். அவர் கையில் துணி இல்லை, மடிக்கவும் இல்லை. போனை எடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கண் மூடித் திறக்கிறதற்குள். பெரிய டொக்டர் வந்தார். இரண்டு கையிலும் தனித்தனியாக இரத்தம் எடுத்தார்கள், கிருமி வளர்த்துப் பார்க்கிறதற்கு. ஒரு மணித்தியாலத்துக்குள் கிருமி மருந்து நரம்பில் ஏறத் தொடங்கவேணும் என்று சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஏறியது. குழாய்களை லெப்புக்கு நான்தான் கொண்டுபோனேன். மாத்திரையின் பலம் இறங்கினதும் காய்ச்சல் நூற்றி மூன்றுக்கு ஏறியது.

டொக்டர் அவளுடைய வாய்க்குள், தோல் மடிப்பில், ஊசி குத்தின இடத்தில் எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் சொன்னதை விரலை மடித்து எண்ணினார். எத்தனை மணிக்கு என்ன கொடுத்தேன் என்று தெரிந்ததால், காய்ச்சல் முந்தின நாள் விடியலில் தொடங்கியிருக்க வேண்டும் என்று கணித்தார். பிறகு திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"பாக்கியம், உங்கட மாத்திரை என்கிட்ட இருந்து ஒரு நாளை ஒளிச்சு வச்சிருச்சு" என்றார். அவ்வளவுதான். அதை விட அவர் அடித்திருக்கலாம்.

அன்றைக்கும் மறுநாளும் அவளுக்குப் பிரஷர் இறங்கி இறங்கி வந்தது. பேச்சு குழறியது. முத்தையாவை வரச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற அந்த மனுஷனிடம் நானே சொன்னேன், தம்பி, நான்தான் மாத்திரை குடுத்தேன் என்று. "எங்க வீட்டு முடிச்சுலயும் அதே மாத்திரைதான்கா இருக்கு. நான் வந்திருந்தா நானும் குடுத்திருப்பேன்" என்றார். அது எனக்கு ஆறுதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகுதான் போய் ஒரு வாய் தண்ணி குடித்தேன்.

ஊசியை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் அதே நேரம் ஐஸ் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனேன். காவல்காரர் நக்கல் அடிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். தினமும் காலையில் குழாய், தினமும் துண்டு. அந்த வரியில் ஒன்றுமில்லை. அடுத்த நாளும் ஒன்றுமில்லை. எலும்பே, உனக்குச் சேதி வரவில்லையா என்று நான் மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

மூன்றாம் நாள் காலையில் லெப் ஜன்னலில் துண்டை வாங்கினேன். நூறு. அதற்கு மறுநாள் நானூறு. அதற்கு மறுநாள் ஆயிரத்தைத் தாண்டி இருந்தது. நான் அந்த இலக்கத்தை மூன்று தரம் வாசித்தேன், குசும் சிஸ்டர் மாதிரியே. நடைபாதையில் ஓடக் கூடாது என்பது சட்டம். நான் ஓடவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக ஒரு ஆள் நடந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கோடி அறைக்கு வந்து கண்ணாடியில் ஒரு விரலைக் காட்டினேன். யோகேஸ்வரிக்கு அன்றைக்குத்தான் காய்ச்சல் விட்டிருந்தது. "ஒன்னுதானா?" என்று உதட்டை அசைத்தாள். "ஆயிரம்டி!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அன்று மதியம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேலிடத்துக்கு அனுப்ப அறிக்கை எழுதியிருந்தார். சிங்களத்தில் இருந்தது. எனக்கு வாசிக்க வராது, வாசித்துக் காட்டச் சொன்னேன். நோயாளி தன்னிடம் இருந்த மாத்திரையைத் தானே போட்டிருக்கிறார், சிற்றூழியர் பாக்கியலெட்சுமி அதைக் கண்டுபிடித்து உடனே அறிவித்தார் என்று இருந்தது.

"இது சரியில்லைங்க சிஸ்டர். நான்தானே குடுத்தேன்."

"தெரியும்."

"அப்ப அத எழுதுங்க. உடனே அறிவிச்சேன்கிறதையும் வெட்டுங்க. ஒரு வாளித் தண்ணி நேரம் நின்டுட்டுத்தான் வந்தேன்."

"எழுதினா உங்கட வேலைக்கு ஆபத்து வரும். எழுதவா?"

"எழுதுங்க."

"பாக்கியம். எழுதவா?"

"எழுதுங்க சிஸ்டர். நாளைக்கு யாராச்சும் இத எடுத்துப் பாத்தா, அந்தப் புள்ளதான் களவா மாத்திரை போட்டுச்சுன்னு இருக்கக் கூடாது."

பேனாவைத் திறந்தார். மூன்றாம் தரமும் கேட்டார். எழுதுங்க என்றேன். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதி, வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு நேராக வந்தது அன்றைக்குத்தான்.

ஊசியை நிறுத்தின மறுநாள் வெள்ளை அணு பாதியாக இறங்கிவிட்டது. யோகேஸ்வரி பயந்து அழத் தொடங்கிவிட்டாள். இந்தத் தரம் நான் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தேன். "அழாத. கூப்பிட்டது நின்டுருச்சு, மேலதிகமா வந்தவங்க போறாங்க. போகத்தான் வேணும். வந்தவங்க எல்லாம் போகாம இருந்தா உடம்புல எங்க இடம்? உனக்குத் தேவையானது இருக்கு." அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்ப செத்தது நல்லதுக்கா?" என்றாள். "ஆமா புள்ள, அதுக சாகிறது நல்லதுக்குத்தான்." இரண்டு நாளில் வீட்டுக்குப் போனாள். அடுத்தடுத்த கீமோவுக்கும் வந்தாள், முடித்தாள். கடைசியாக நான் கேள்விப்பட்டபோது மலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு வாரம் துணி துவைக்கிற இடத்தில் போட்டார்கள். அங்கேயும் நன்றாகத்தான் வேலை செய்தேன், விரிப்பில் ஒரு கறை விட்டதில்லை. ஆறு வாரம் முடிந்ததும் குசும் சிஸ்டர் என்னை வார்டுக்குத் திருப்பிக் கேட்டு வாங்கினார். ஒரு வேலையும் கூடக் கொடுத்தார். கோடி அறைக்கு வருகிற ஒவ்வொரு தமிழ் நோயாளிக்கும், முதல் ஊசிக்கு முன்னால், மாத்திரைக் கதையை நான்தான் சொல்ல வேணும். புத்திமதியாகச் சொல்லக் கூடாது, நடந்ததை நடந்தபடி சொல்ல வேணும், யார் கொடுத்தது என்பதையும் சேர்த்து.

முதலில் வந்தவர் பசறைப் பக்கத்து வயசான ஆள், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், கட்டிலில் உட்கார்ந்தும் அதிகாரம் குறையாதவர். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இத ஒரு அந்நிய ஆள்கிட்டச் சொல்றியே, உனக்கு வெக்கமா இல்லையா?"

"வெக்கமாத்தாங்க இருக்கு. எங்க, மடிய அவுத்துக் காட்டுங்க."

அவர் இடுப்புச் சாரத்தின் மடியை அவிழ்த்து ஆறு மாத்திரையை எடுத்து என் கையில் வைத்தார். வெற்றிலைப் பையில் இன்னும் நாலு இருந்தது. அதை நானே எடுத்துக்கொண்டேன்.